பின்னணியில் ஓடும் சர்வீஸ்களும் என் பழைய கம்ப்யூட்டரும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது என்ன எழுதுவது என்று தயங்கினேன். கவிதை எனக்கு வராது. பெரிய விஞ்ஞானிகளைப் பற்றி எழுத நம் கல்லூரியில் என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நானே பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு தவிக்கும் நண்பர்களுக்கு அது உதவும் என்பதால் அதையே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஊர் செஞ்சிப் பக்கம் மண்டகப்பட்டு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். அப்பா மல்லாட்டை விற்ற பணத்தில் எட்டாயிரம் ரூபாய் கொடுத்து, செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கித் தந்தார். 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா அதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார்.

ஐந்தாம் பருவத்தில் எனக்குக் கிடைத்த மினி புராஜெக்ட், கையால் சுற்றி மல்லாட்டை உடைக்கும் மெஷின். அதன் படத்தை கேட் மென்பொருளில் வரைய வேண்டும். அப்போதுதான் தொல்லை தொடங்கியது. பவர் பட்டனை அழுத்தி, படம் திரைக்கு வந்து, ஒரு கோடு போடுவதற்குள் பதினான்கு நிமிடம் ஆனது. அப்பா ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "என்னடா இது, போட்டு எவ்ளோ நேரம் ஆவுது, இன்னும் சுத்திகினே இருக்குது? நம்மள ஏமாத்திட்டானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எட்டாயிரம் ரூபாய் எத்தனை மூட்டை மல்லாட்டை என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தக் கேள்வி மனதைக் குத்தியது.

சர்வீஸ் என்றால் என்ன?

கம்ப்யூட்டரில் நாம் திறந்து வைத்திருக்கும் புரோகிராம்கள் மட்டும் ஓடுவதில்லை. ஜன்னல் எதுவும் காட்டாமல், நம்மைக் கேட்காமல், பின்னணியில் பல புரோகிராம்கள் ஓடுகின்றன. விண்டோஸில் இவற்றுக்கு சர்வீஸ் என்று பெயர். யுனிக்ஸ், லினக்ஸ் உலகில் டீமன் என்பார்கள். இந்தப் பெயர் 1963 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் புராஜெக்ட் மேக் குழுவினரிடையே வழக்கத்துக்கு வந்தது. வெப்ப இயக்கவியல் பாடத்தில் வருகிறதே மேக்ஸ்வெல்லின் பூதம், ஓயாமல் நின்று மூலக்கூறுகளைப் பிரித்து அனுப்பும் கற்பனைப் பூதம், அதை நினைத்து வைத்த பெயர். மேக்ஸ்வெல் அந்தக் கற்பனையைச் சொன்னது 1867இல்.

இந்தப் பூதங்கள் கெட்டவை அல்ல. பிரிண்டருக்குப் போகும் தாள்களை வரிசைப்படுத்துவது ஒரு சர்வீஸ். வைஃபையைத் தேடிப் பிடிப்பது ஒன்று. ஒலி தருவது ஒன்று. வைரஸ் வருகிறதா என்று காவல் காப்பது ஒன்று. எல்லாரும் நமக்காகத்தான் வேலை செய்கிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வந்துவிடும்போதுதான் சிக்கல் வருகிறது.

மெதுவாவது ஏன்? ஒரு சிறு கணக்கு

ராம் போதவில்லை, பிராசஸர் பழசு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டாஸ்க் மானேஜரைத் திறந்து பார்த்தபோது பிராசஸர் 12 சதவீதம்தான் வேலை செய்தது. டிஸ்க் மட்டும் 100 சதவீதம். டிஸ்க் நிரம்பிவிட்டது என்பது இதன் பொருள் அல்ல. ஒரு நொடிகூட ஓய்வில்லாமல் டிஸ்க் வேலையில் இருக்கிறது என்பதே பொருள்.

இனி கணக்குக்கு வருவோம். லேப்டாப்பில் வரும் சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி விநாடி. நமக்கு வேண்டிய இடம் தலைக்கு நேராக வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது சுமார் 5.5 மில்லி விநாடி. தலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர ஏறக்குறைய 12 மில்லி விநாடி. கூட்டினால் 17.5 மில்லி விநாடி. ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படித்தால் விநாடிக்கு 57 முறைதான் படிக்க முடியும். ஒவ்வொரு முறையும் 4 கே.பி. என்றால் விநாடிக்கு 228 கே.பி. இதே டிஸ்க், ஒரே இடத்திலிருந்து வரிசையாகப் படித்தால் விநாடிக்கு சுமார் 100 எம்.பி. தரும். வித்தியாசம் நானூறு மடங்குக்கும் மேல்.

எங்கள் ஊர்ப் பாஷையில் சொல்கிறேன். ஒரு கிணறு, ஒரு மோட்டார், மம்மட்டியோடு ஒரே ஆள். ஒரு கழனிக்கு மட்டும் மடை திறந்துவிட்டால் தண்ணீர் நன்றாகப் பாயும். நான்கு மூலையில் இருக்கும் நான்கு கழனிக்காரர்கள், "என்னுதுக்கு ஒரு நிமிஷம், என்னுதுக்கு ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டால் என்ன ஆகும்? ஆள் வரப்பில் ஓடிக்கொண்டே இருப்பான். எந்தக் கழனியும் நனையாது. ஆனால் அவனைப் பார்த்தால் நூறு சதவீதம் வேலையில் இருப்பதாகத்தான் தெரியும்! ஹார்ட் டிஸ்க்கின் கதையும் இதுதான். நகரும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி.யில் இந்த ஓட்டம் இல்லை. அதனால் அதே சர்வீஸ்கள் அதில் ஓடினால் நமக்குத் தெரிவதே இல்லை.

தமிழக அரசு 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கித் தந்த அந்த மடிக்கணினிகள் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் கிடைத்தன. அந்த ஆரம்ப வருடங்களின் மடிக்கணினிகளும் ஹார்ட் டிஸ்க் கொண்டவைதான். அண்ணன், அக்கா வைத்திருந்த அப்படி ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், இந்தக் கணக்கு அதற்கும் பொருந்தும்.

நான் செய்த தவறு

காரணம் தெரிந்ததும் ஆத்திரம் வந்தது. அடுத்த திங்கட்கிழமை புராஜெக்ட் ரிவ்யூ. ஞாயிற்றுக்கிழமை இரவு, யாரோ ஒருவர் போட்டிருந்த பட்டியலைப் பார்த்து, சர்வீஸ் பட்டியலைத் திறந்து கண்ணில் பட்டதையெல்லாம் டிஸேபிள் செய்தேன். முப்பதுக்கு மேல் இருக்கும். எதை நிறுத்தினேன் என்று எழுதி வைக்கவில்லை. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று பாட்டி சொல்வார். நான் இரண்டு காலையும் விட்டேன்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் வேகமாகத்தான் திறந்தது. ஆனால் வைஃபை ஒன்றும் தெரியவில்லை. ஒலி இல்லை, ஸ்பீக்கர் படத்தில் சிவப்பு இன்ட்டு குறி. கல்லூரியில் பிரிண்டரை இணைத்தால், பிரிண்டர் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாதது போல இருந்தது. டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக், விண்டோஸ் ஆடியோ, பிரிண்ட் ஸ்பூலர் ஆகிய மூன்றையும் நானே முந்தின இரவு கொன்றிருந்தேன். ரிப்போர்ட்டை அச்செடுக்க முடியவில்லை. பென் டிரைவும் கையில் இல்லை. ரிவ்யூவில் வெறுங்கையோடு நின்றேன். மதிப்பெண் போனது. அன்று மாலை பஸ்ஸில் ஊர் வரும்வரை யாரிடமும் பேசவில்லை.

மறுநாள் லேபில் சாரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "லேத்தைக் கழட்டும்போது எந்த நட்டு எங்க இருந்துச்சுன்னு குறிச்சு வெச்சுக்குவ இல்ல? இதுக்கு ஏன் குறிக்கல?" எனக்குச் சுருக்கென்றது. ஒர்க்ஷாப்பில் இரண்டு வருடமாகப் படித்ததை கம்ப்யூட்டருக்கு மட்டும் நான் மறந்துவிட்டேன்.

சரியான முறை

அவரோடு உட்கார்ந்து, நிறுத்தியவற்றை ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு மாலை ஆனது. பிறகு முறையாகத் தொடங்கினோம். அந்த முறையை வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் அளந்து பாருங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் வரும். டிஸ்க் என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் படிப்பவர் மேலே வருவார். கையில் வாட்ச் வைத்துக்கொண்டு, பவர் பட்டனிலிருந்து உங்கள் வேலை தொடங்கும்வரை எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதுங்கள். அளக்காமல் செய்வது ரிப்பேர் ஆகாது.

2. ஆள் யார் என்று கண்டுபிடியுங்கள். சர்வீஸ் ஹோஸ்ட் என்று பல வரிகள் இருக்கும். அது ஒரு கூடாரம், உள்ளே வேறு சர்வீஸ்கள் இருக்கும். பக்கத்திலுள்ள அம்புக்குறியைச் சொடுக்கினால் உள்ளே இருப்பவர் பெயர் தெரியும். 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1703 முதல், 3.5 ஜி.பி.க்கு மேல் ராம் உள்ள கம்ப்யூட்டரில் பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனிக் கூடாரத்தில் ஓடுகின்றன. அதனால் கண்டுபிடிப்பது எளிது.

3. அது என்ன வேலை செய்கிறது என்று படியுங்கள். ரன் பெட்டியில் 'சர்வீஸஸ் டாட் எம்.எஸ்.சி' என்று ஆங்கிலத்தில் அடித்தால் முழுப் பட்டியல் வரும். ஒன்றை இரட்டைச் சொடுக்கினால் அதன் விளக்கம் இருக்கும். அங்கேயே டிபென்டென்சீஸ் என்ற பக்கமும் உண்டு. இந்த சர்வீஸை நம்பி வேறு யார் இருக்கிறார்கள் என்று அது காட்டும். கியர் டிரெயினில் ஒரு கியரைக் கழற்றுமுன் அடுத்தது எது என்று பார்ப்பதில்லையா, அதுபோல.

4. முதலில் ஸ்டாப், பிறகுதான் டிஸேபிள். ஒவ்வொரு சர்வீஸுக்கும் தொடக்க வகை என்று ஒன்று உண்டு. ஆட்டோமேட்டிக் என்றால் கம்ப்யூட்டரோடு சேர்ந்தே கிளம்பும். டிலேய்டு ஸ்டார்ட் என்றால் சற்றுப் பொறுத்துக் கிளம்பும். மானுவல் என்றால் யாராவது கூப்பிட்டால் வரும். டிஸேபிள்டு என்றால் கூப்பிட்டாலும் வராது. ஆட்டோமேட்டிக் சர்வீஸை வெறுமனே ஸ்டாப் செய்தால் அடுத்த முறை ரீஸ்டார்ட் செய்யும்போது தானாக வந்துவிடும். ஆகவே ஸ்டாப் என்பது சோதனை, டிஸேபிள் என்பது தீர்ப்பு. சோதனை இல்லாமல் தீர்ப்பு எழுதக் கூடாது. பல நேரங்களில் மானுவல் அல்லது டிலேய்டு ஸ்டார்ட் என்று மாற்றினாலே போதும்.

5. ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஒன்றை மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி அளந்து, எழுதிவிட்டுத்தான் அடுத்தது. பெயர், பழைய நிலை, புதிய நிலை, தேதி, நிமிடம் ஆகிய ஐந்து கட்டம் நோட்டில் போடுங்கள்.

என் நோட்டில் கிடைத்த விடை

சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்ற கருவியில் சர்வீஸஸ் பக்கத்துக்குப் போய், மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் கட்டத்தில் டிக் போட்டால், வெளியிலிருந்து வந்தவை மட்டும் மிஞ்சும். சார் முதலில் அதைத்தான் பார்க்கச் சொன்னார். லேப்டாப்பை முன்பு வைத்திருந்தவர் போட்ட ஒரு பேக்கப் புரோகிராம் அங்கே இருந்தது. புரோகிராமை அவர் பாதி நீக்கிவிட்டுப் போயிருக்கிறார், சர்வீஸ் மட்டும் தங்கிவிட்டது. இல்லாத ஒரு இடத்துக்கு நகல் எடுக்க, கிளம்பிய நிமிடம் முதல் டிஸ்க் முழுவதையும் அது துழாவிக்கொண்டிருந்தது. முதலாளி ஊரை விட்டுப் போனது தெரியாமல் தினமும் வேலைக்கு வரும் ஆள் மாதிரி. அதை நிறுத்தினேன். பதினான்கு நிமிடம் எட்டாக இறங்கியது. பிறகு மிச்சத்தையும் முழுதாக நீக்கினேன்.

அடுத்தது விண்டோஸ் சர்ச். நாம் தேடினால் உடனே காட்டுவதற்காக, ஃபைல்களை முன்கூட்டியே படித்து அட்டவணை போட்டு வைக்கும் சர்வீஸ் இது. நண்பர்களிடமிருந்து நான் வாங்கிய பழைய வினாத்தாள்கள், பி.டி.எஃப். புத்தகங்கள் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. பாவம், அவை அத்தனையையும் அது படித்துக்கொண்டிருந்தது. இதை நான் டிஸேபிள் செய்யவில்லை. கண்ட்ரோல் பேனலில் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் போய், அந்தக் குவியல் இருந்த ஃபோல்டரை மட்டும் அட்டவணையிலிருந்து எடுத்தேன். எட்டு நிமிடம் ஐந்தாகியது. தேடும் வசதியும் கெடவில்லை.

மூன்றாவது சிஸ்மெயின். எல்லாரும் முதலில் நிறுத்தச் சொல்வது இதைத்தான். விண்டோஸ் விஸ்டா காலத்தில் சூப்பர்ஃபெட்ச் என்ற பெயரில் வந்தது. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பில் பெயர் மாறியது. நாம் அடிக்கடி எதைத் திறக்கிறோம் என்று கவனித்து, அதை முன்கூட்டியே ராமுக்குக் கொண்டுவந்து வைப்பது இதன் வேலை. நிறுத்திப் பார்த்தேன். டிஸ்க் சீக்கிரம் அமைதியானது. ஆனால் கேட் மென்பொருள் திறக்க முன்பைவிட நேரம் எடுத்தது. கூட்டிக் கழித்தால் அதே ஐந்து நிமிடம். லாபம் இல்லை என்பதால் பழையபடி ஓட விட்டேன். உங்கள் கம்ப்யூட்டரில் விடை வேறாக இருக்கலாம். அதனால்தான் அளக்கச் சொல்கிறேன். அடுத்தவர் பட்டியல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குத்தான்.

தொடக்கூடாதவை

வைரஸ் காவல் சர்வீஸை நிறுத்த வேண்டாம். அது மெதுவாக்குகிறது என்றால் முழு ஸ்கேனை நீங்கள் சாப்பிடும் நேரத்துக்கு மாற்றி வையுங்கள். விண்டோஸ் அப்டேட்டையும் கொல்ல வேண்டாம். ஆக்டிவ் ஹவர்ஸ் என்ற இடத்தில் நீங்கள் வேலை செய்யும் நேரத்தைக் குறித்தால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. செல்போன் நெட்டில் இணைப்பவர்கள் மீட்டர்டு கனெக்‌ஷன் என்று குறித்தால் பெரும்பாலான அப்டேட்கள் தானாக இறங்காது. வாரம் ஒருமுறை கல்லூரியில் நாமே இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எனவே அதை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியன் வழி வந்தது. டெபியன் குடும்பத்தில் 2015 முதல் சிஸ்டம்-டி என்பதே சர்வீஸ்களை நடத்துகிறது. 'சிஸ்டம்-டி அனலைஸ் பிளேம்' என்ற கட்டளை, கிளம்பும்போது யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று வரிசையாகக் காட்டும். அங்கும் அதே முறைதான்: அளந்து, படித்து, ஒன்றொன்றாக.

முடிவாக

எங்கள் ஊரில் ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்கு விசித்திரசித்தன் அமைத்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. சின்ன வயதில் ஆடு மேய்க்கப் போகும்போது அதன் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஸ்தபதிகள் பாறையிலிருந்து எடுத்து எடுத்துத்தான் கோயிலை உண்டாக்கினார்கள். ஆனால் தூணை எடுக்கவில்லை. இரு ஓரத்திலும் நிற்கும் வாயிற்காவலர்களையும் விட்டுவைத்தார்கள். எதை எடுப்பது என்று தெரிவதைவிட, எதை விடுவது என்று தெரிவது பெரிய கலை. கல்லில் தவறாகச் செதுக்கினால் திரும்ப ஒட்ட முடியாது. நமக்கு ஸ்டார்ட் பட்டன் இருக்கிறது. எழுதி வைத்திருந்தால் மட்டும்!

இரண்டாவது ரிவ்யூவுக்கு முந்தின இரவு, ஐந்தாவது நிமிடத்தில் படம் திரைக்கு வந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். பெட்டி மேலே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "கைப்பிடிய இவ்ளோ கீழ வெச்சா உங்கம்மாவுக்கு இடுப்பு போயிடும்டா. ஒரு முழம் மேல ஏத்து" என்றார். அவர் சொன்னபடி ஏற்றினேன். ரிவ்யூவில் கைப்பிடியின் உயரத்துக்கு என்ன காரணம் என்று கேட்டார்கள். காரணத்தைச் சொன்னேன், கேட்டுக்கொண்டு தலையாட்டினார்கள். ஏமாந்துவிட்டோமா என்று அப்பா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

போன மதிப்பெண் திரும்ப வரவில்லை. ஆனால் அந்த நோட்டு இருக்கிறது. உங்களில் யாருக்காவது கம்ப்யூட்டர் சுற்றிக்கொண்டே இருந்தால், மதிய இடைவேளையில் மெக்கானிக்கல் பிளாக் படிக்கட்டுக்கு வாருங்கள். நோட்டோடு நான் இருப்பேன். பேனா நீங்கள் கொண்டு வாருங்கள்.